சகலை வைத்த ரெசிஸ்டர்

மாமனார் வீட்டுக் காதுகுத்துக்காகக் காரைக்குடிக்கு, மைக்கின் ஒலியைக் கூட்டித்தரும் ப்ரீஆம்ப் ஒன்றைச் செய்து கொண்டுபோனேன். சகலை முன்பு செய்ததைவிட இது உரக்கக் கேட்க வேண்டும். அதற்காகவே அதிலுள்ள டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலுக்கு ரெசிஸ்டர் போடவில்லை. காலையில் முழங்கியது. உச்சிவெயில் பட்டு டிரான்சிஸ்டர் சூடேறியதும், பந்திக்கு அழைத்த மாமனாரின் குரல் கரகரத்தது.

"என்ன மாப்பிள்ளை, எனக்குத் தொண்டை கட்டுன மாதிரில இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சகலை என் பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்து, அந்தக் காலில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தார்.

"சத்தம் கொஞ்சம் குறையும் சகலை. ஆனா சூட்டுக்கு மாறாம தெளிவாக் கேக்கும்."

மாமனாரின் குரல் கணீரென்று வந்தது. "யாரு சரி பண்ணுனது?"

"அவுகதான் மாமா பண்ணுனாக" என்று சகலை என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பாராட்ட, அவர் எதிர்ப்பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட்டார். அவருடைய ப்ரீஆம்ப் மேல் இருந்த பொறாமை அன்றோடு போனது. அவர் மேல் வந்த பொறாமைதான் இன்னும் போகவில்லை.