துவைத்துவிட்ட சாரன்

இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவர் மௌத்தானார். மருதமுனையில் கைத்தறி நெய்தவர். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் நான் வீட்டுக்குள் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும், அவர் கடைசியாக உடுத்த சாரனைத் துவைக்காமல் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். பீடியும் வியர்வையும் கலந்த அவருடைய மணம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இத்தா முடியும் நேரத்தில் மூக்கடைத்து, தும்மலோடு கடுமையான தடிமல் பிடித்தது. சுகமான பிறகு சாரனை முகர்ந்தேன். வெறும் துணி. அவர் முழுதாகப் போய்விட்டார் என்று அழுதேன். மற்ற உடுப்புகளோடு அதையும் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, ஓர் ஏழைக்கு ஸதகாவாகக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை மகள் அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

"உம்மா, சோறு அடிப்புடிச்சி ஊடெல்லாம் மணக்குது, ஒங்களுக்குத் தெரியல்லியா?"

நான் பானைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் மணக்கவில்லை.

கல்முனையில் டொக்டர் மூக்குக்குள் பார்த்தார். "தடிமல் கிருமி மூக்குக்குள்ள இருக்கிற மெல்லிய தோலைப் பழுதாக்கியிருக்கு. அதாலதான் மணம் தெரியல்ல. சுணங்கித்தான் திரும்பி வரும்" என்றார்.

அப்படியென்றால் அந்தச் சாரனில் அவருடைய மணம் இருந்திருக்கிறது. நான்தான் அதைத் துவைத்து எடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தடிமல் வந்தால் என் மூக்கை நம்பி நான் எதையும் முடிவு செய்வதில்லை. கறி பழுதா என்றுகூட மகளைத்தான் கேட்கிறேன். இத்தா இருக்கும் பெண்களிடம், எதையும் அவசரப்பட்டுத் துவைக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

அந்தத் தடிமலுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்கு மணம் திரும்பியது. முதலில் தெரிந்தது அதே சவர்க்காரத்தின் மணம்.