கண்ணாடிக் கடை ‘ஹா’

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு ‘ஹா’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

காரணம் இதுதான். கண்ணாடியை வாடிக்கையாளர் முகத்தில் மாட்டும் முன், அதை வாய்க்கு நேரே பிடித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு ‘ஹா’ விடுவார். வில்லைகளில் ஆவி படியும். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை உருவித் துடைப்பார். சந்தேகத்துக்கு இன்னொரு ஹா. பிறகு, தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல அதை மூக்கின்மேல் இறக்கிவைப்பார்.

கண்ணாடி மாட்டிவிடும் இந்த முன் நாற்காலிக்கு வருமுன் அவர் செருப்புக் கடையில் இருந்தார். இளமை முழுவதும் அடுத்தவர் பாதத்துக்கு முன்னால் குனிந்தே போயிற்று. அங்கே அவருடைய மூக்கு மெல்ல மெல்ல ராஜினாமா செய்துவிட்டது. சாக்கடையும் சந்தனமும் அவருக்கு ஒன்றுதான். எனவே கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தபோது, “கால்லேருந்து முகத்துக்கு வந்துட்டேன்” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். முகங்களை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். யாருக்கும் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை என்பார். எவ்வளவு பெரிய மனிதரும் கண்ணாடி மாட்டும்போது கண்ணை மூடி முகத்தை நீட்டுவார். அந்த ஒரு நொடிக்காகவே சம்பளமில்லாமலும் வேலை செய்யலாம் என்பார். இதை மட்டும் முதலாளி காதுபடச் சொல்லமாட்டார்.

அந்த நாற்காலிக்கு ஆபத்து பாட்டு டீச்சர் உருவில் வந்தது. இருட்டறையில் முதலாளியிடம் கண்ணைக் காட்டிவிட்டு, வெளியே வந்து ஹாவிடம் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க கடையில முகத்துக்கிட்ட வந்தா மூச்சு விட முடியல. வாய் நாத்தம். ஸ்வரம் பிடிக்கிற தொண்டைங்க இது, கொஞ்சம் பாருங்க.”

டீச்சர் போனதும் முதலாளி ஹாவைக் கூப்பிட்டார்.

“உன் வாயில என்னய்யா செத்துக் கிடக்கு?”

“ஒண்ணுமில்லையே முதலாளி. காலையில நல்லாத்தான் தேய்ச்சேன்.”

“இன்னொரு ஆளு வந்து சொல்லட்டும், அன்னிக்கே நீ பின் ரூமுக்குப் போயிடு.”

பின் ரூம் என்பது வில்லைகளின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம் இருக்கும் பொந்து. ஜன்னல் கிடையாது. ஒரு ஸ்டூல், ஒரு வாளி, சதா ‘கிர்ர்’ என்று கத்தும் சக்கரம். முகம் என்று பார்க்க அங்கே வாளித் தண்ணீரில் தெரியும் சொந்த முகம் மட்டும்தான். வில்லை தேய்த்துக்கொண்டிருந்தவர் போன மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியின் முன்னால் போய் நின்று ஒரு ஹா விட்டார்.

“எப்படி இருக்கு?”

“எப்பவும் போலத்தான் இருக்கு.”

“எப்பவும்னா?”

“கல்யாணத்துலேருந்து நான் ஏன் ஜன்னல் பக்கமே படுக்கிறேன்னு நினைச்சீங்க? காத்துக்குங்க.”

“இத்தனை வருஷமா ஏண்டி சொல்லல?”

“சொன்னா வாயத் திறந்து சண்டை போடுவீங்களே!”

வழி சொன்னவன் மச்சினன். மனைவியின் தம்பியான அவன் மூலிகைக் கடை வைத்திருக்கிறான். மூட்டுவலி என்று வருபவருக்கும், மாப்பிள்ளை அமையவில்லை என்று வருபவருக்கும் ஏதோ ஒரு வேரைப் பொட்டலம் கட்டிவிடுவான். ஹாவை நாற்காலியில் உட்காரவைத்து, வாய்க்குள் டார்ச் அடித்து, கோயில் குளத்தை எட்டிப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

“மாமா, பல்லத் தேய்க்கிறீங்க சரி. நாக்க வழிக்கிறீங்களா?”

“நாக்க எதுக்குடா வழிக்கணும்?”

மச்சினன் டார்ச்சை அணைத்தான். “அக்கா பாவம்” என்றான்.

அன்றிலிருந்து நாக்கு வழிப்பதோடு வைத்தியமும் தொடங்கியது. முதலில் கொய்யா இலை. மென்றால் ஈறு இறுகும், வாய் மணக்கும் என்றான். ஈறு இறுகியது; பல்லிடுக்கெல்லாம் பச்சை. ஹா சிரித்தபோது ஒரு வாடிக்கையாளர், “இந்தக் கண்ணாடியில பச்சையா தெரியுதே” என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்தது கடுக்காய்ப் பொடி கரைத்த நீர். அதைக் கொப்பளித்ததில் வாய் சுருக்குப் பைபோல இழுத்துக்கொண்டது. ஹா என்று ஊதப் போனால் ‘ஊ’ என்று விசில் வந்தது. தெருவில் போன ஆட்டோ நின்றது. துளசியும் புதினாவும் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் தாங்கின.

“மாமா, கடைசி ஆயுதத்த எடுத்துடறேன்” என்றான் மச்சினன். கிராம்பு. வெறும் கிராம்பு அல்ல. வீரியத்துக்காகக் கிராம்புத் தைலத்திலேயே ஊறவைத்த கிராம்பு. “ஒரு வேளைக்கு ஒண்ணு. எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்குங்க.”

சொன்ன சொல் தட்டாதவர் ஹா. கைக்கெட்டும் தூரம் என்றால் அவருக்குச் சட்டைப்பைதான். ஒரு பிடி அள்ளி, மஞ்சள் துணிக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

பலன் அபாரம். “அட, கண்ணாடியே மணக்குதே!” என்றார் ஒருவர். மனைவி ஜன்னலை விட்டு ஒரு சாண் இவர் பக்கம் நகர்ந்து படுத்தாள். ஹா முன்னைவிட உற்சாகமாக ஊதினார், துடைத்தார்.

ஆனால் அந்த வாரமே, போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

“புதுக் கண்ணாடிதான். ஆனா ஊரே பனி மூட்டமா தெரியுது.”

முதலாளி மறுபடி சோதித்து, பவரைக் கொஞ்சம் ஏற்றிப் புது வில்லை போட்டுத் தந்தார். ஹா அதை ஊதி, மஞ்சள் துணியால் ஆசையாகத் துடைத்து மாட்டிவிட்டார். பனி போகவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகும் வழியில் தபால் பெட்டியிடம் நலம் விசாரித்ததாகக் கேள்வி.

அதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று நடந்தது. முதலாளியின் கண்ணாடியையும் தினமும் காலையில் துடைத்து வைப்பது ஹாதான். முதலாளி தன் இருட்டறையில், தானே மாட்டிய எழுத்துப் பலகையைப் பார்த்தார். மேல்வரிசைப் பெரிய எழுத்தே கரைந்து ஓடியது. கண் போய்விட்டது என்று முடிவு கட்டி, யாருக்கும் தெரியாமல் எதிர்த்தெருக் கடைக்கு ஓடினார். தொழில் எதிரியின் கடை. அங்கிருந்த பெண் கண்ணாடியை வாங்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்துத் திருப்பிக் கொடுத்தாள். உலகம் பளிச்சென்று திரும்பி வந்தது.

“கண்ணுக்கு ஒண்ணுமில்ல சார். கண்ணாடி முழுக்க எண்ணெய். கிராம்பு வாசம் வருது. பல்வலியா?”

முதலாளி தன் கடைக்குத் திரும்பிய வேகத்தில் வாசல் மணி கழன்று விழுந்தது. ஹா அப்போது பாட்டு டீச்சரின் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தார். காம்பு தளர்ந்துவிட்டது என்று அவர் வந்திருந்தார். முதலாளி ஹாவின் சட்டைப்பைக்குள் கைவிட்டு மஞ்சள் துணியை உருவினார். அதிலிருந்து கிராம்புகள் சிதறின. துணியைப் பிழிந்திருந்தால் ஒரு கரண்டி தைலம் தேறியிருக்கும்.

“ஊர்க் கண்ணையெல்லாம் தாளிச்சுட்டியேய்யா! போ, பின் ரூமுக்குப் போ!”

“போறேன் முதலாளி. துணியால வந்த தப்பு, ஒத்துக்கிறேன். சோப்புத் தண்ணியில அலசிடறேன். ஆனா வாய் இப்ப சுத்தம். டீச்சரயே கேளுங்க.” சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கி ஒரு ஹா விட்டார்.

டீச்சர் கைக்குட்டையை எடுக்கவில்லை. “நல்லாருக்கே” என்றார்.

“அவன் கிராம்பு தின்னுருக்கான், மணக்காம என்ன? ஊதுறது பெரிய வித்தையா? இதோ பாருங்க!” முதலாளி குனிந்து, டீச்சரின் முகத்துக்கு நேரே அவரும் ஒரு ஹா விட்டார்.

டீச்சர் நாற்காலியோடு பின்னால் போனார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. ஹாவின் ராஜினாமா செய்த மூக்குகூட லேசாக அசைந்தது.

கைக்குட்டைக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது: “நான் அன்னிக்குச் சொன்னது ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சார். இருட்டறையில நீங்க கிட்ட வந்து ‘மேல பாருங்க, கீழ பாருங்க’ன்னு சொன்னீங்களே, நான் எங்கயும் பார்க்கல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா உங்கள உங்ககிட்டயே எப்படிச் சொல்றது? அதான் கடைன்னு பொதுவா சொன்னேன்.”

முதலாளி வாயை மூடிக்கொண்டார். டீச்சருக்கு அதுவே பெரிய உதவியாக இருந்தது.

ஹாதான் மெல்லப் பேசினார். “வாய் நாறினா பின் ரூம்னு நீங்க போட்ட சட்டம்தான், முதலாளி. நான் போயாச்சுன்னே வெச்சுக்குங்க. ஆனா அங்க ஒரு ஸ்டூல்தான் கிடக்கு. நீங்க எதுல உக்காருவீங்க?”

முதலாளி பின் ரூமின் கதவைப் பார்த்தார், ஹாவைப் பார்த்தார். பிறகு தரையில் சிதறிக் கிடந்த கிராம்புகளில் ஒன்றைப் பொறுக்கி, ஊதித் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த ஸ்டூலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். ஹா முன் நாற்காலியில்தான் இருக்கிறார். கண்ணாடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசுகிறார். ஊதுவதில்லை, ஆனாலும் பழக்கத்தில் வாய் மட்டும் திறந்து மூடுகிறது. சட்டைப்பை காலி. கல்லாமேல் ஒரு டப்பாவில் ஏலக்காயும் சோம்பும் இருக்கும். மச்சினனின் கணக்கில் அது இப்போது நிரந்தர வாடிக்கை.

காலையில் கடை திறக்கும் முன் முதலாளியும் அவரும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு ஹா விடுகிறார்கள். சரியில்லை என்றால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. டப்பாவை மட்டும் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு ஷட்டரைத் தூக்கப் போய்விடுகிறார்கள்.