நுரைக்காத ஈரல்

வாழையிலைப் பொதியைப் பிரித்ததும் மஞ்சள் வாசம் ஆய்வுகூடம் முழுக்கப் பரவியது...

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அன்று எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை.

ஆட்டு ஈரலில் கற்றலேஸ் என்றொரு நொதியம் இருக்கிறது. என்சைம் என்றுதான் அப்போது சொல்வோம். புண் கழுவும் பெரொக்சைட்டைப் பச்சை ஈரலில் விட்டால் பால் பொங்குவதுபோல நுரைக்கும். அதைச் செய்துகாட்டி விளக்க வேண்டும். ஈரல் அவரவர் கொண்டுவர வேண்டும்.

எங்கள் வீடோ சுத்த சைவம். "இந்தச் சோதினையில பாஸ் பண்ணினாத்தான் விஞ்ஞானம். இல்லாட்டித் தையல் படி" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு சுபைதா மாமிதான் கைகொடுத்தார்.

"சைவப் புள்ளக்கி ஏத்த மாதிரி பக்குவமாச் செஞ்சிருக்கன் மகள்" என்று பொதியைத் தந்தார். பிரித்த பிறகுதான் புரிந்தது. பச்சை இரத்தத்தை நான் தொடக்கூடாதென்று மஞ்சள் போட்டு அவித்திருந்தார்!

பெரொக்சைட்டை விட்டேன். ஒரு குமிழிகூட இல்லை.

"கறி ஆக்கிக்கொண்டு வந்திருக்கிறாய், சோறு எங்கையடி?" என்றாள் பக்கத்து மேசை மேரி.

ரீச்சர் வந்து நின்றார். "ஏன் நுரைக்கேல்லை?"

"அவிச்சுப்போட்டினம் ரீச்சர். சூட்டில என்சைம் கெட்டுப்போச்சு."

"அதை எப்பிடி நிரூபிப்பீர்?"

மேரியின் தட்டில் பச்சை ஈரல் மிச்சமிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை எடுத்தேன். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. இன்னொரு கிண்ணத்தில் போட்டுப் பெரொக்சைட் விட்டதும் பொங்கி வழிந்தது. இரண்டு கிண்ணங்களையும் அருகருகே வைத்தேன்.

ரீச்சர் எல்லோரையும் கூப்பிட்டார். "இஞ்ச வந்து பாருங்கோ. பச்சையும் அவிச்சதும். உங்களில ஒருத்தரும் ஒப்பிட்டுக் காட்டேல்லை."

பின்னேரம் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக் குழாயடிக்கு அனுப்பினார். தலையில் தண்ணீர் ஊற்றும்போது தகரக் கதவுக்கு வெளியே அப்பாவின் குரல்.

"என்ன, பாஸோ?"

"ஓம் அப்பா."

தலை துவட்டும் துவாயை அப்பா கதவின்மேல் போட்டார்.

"அப்ப இனிப் பள்ளிக்கூடத்தால வந்தா, குளிச்சிட்டு உள்ள வா."

அவ்வளவுதான். தையல் பேச்சு பிறகு எழவேயில்லை. நான் விஞ்ஞான ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இப்போது என் பேத்தி ஒரு ஆய்வுகூடத்தில் இதே நொதிய வேலைதான் செய்கிறாள். நொதியம் சின்னப் போத்தலில், ஐஸ் பெட்டியில் வருகிறதாம். கையுறை போட்டுத்தான் தொடுவாளாம். வேலை முடிந்து நேரே சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருகிறாள். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை...

நான்தான் சோற்றைப் போட்டுக்கொண்டே மெல்லக் கேட்பேன்: "என்ன பிள்ளை, இண்டைக்குச் சரிவந்ததோ?"