வெள்ளைக் கோடு விழும்வரை

கடல் உயிரியல் படித்தவள் என்று சொன்னால், நான் டால்பினோடு நீந்துகிறவள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு நீச்சலே சரியாக வராது. சிதம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய், தொட்டி கழுவி, வடிகட்டும் துணியை அலசி, மீன்குஞ்சுகளுக்குத் தீனி போட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவள் நான். உப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ரசம் சாதம் பிசையும்போது எரியும். என் கடல் இவ்வளவுதான்.

அங்கே கோமாளி மீன் வளர்க்கிறோம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அதே மீன்தான். முட்டையிலிருந்து வரும்போது அதற்கு நிறமும் கிடையாது, பட்டையும் கிடையாது. வெட்டிப் போட்ட இமை மயிர் மாதிரி இருக்கும். சில நாள் அப்படியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். பிறகு ஒரு காலையில் தலைக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்துவிட்டால் அநேகமாகப் பிழைத்துவிடும். அதுவரை அது தின்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நுண்ணுயிரை. அந்த நுண்ணுயிர் தின்பது பச்சைப் பாசியை. பாசி செத்தால் வரிசையாக எல்லாம் சாகும்.

பாசிக்கு லீவு தெரியாது. பெருநாள் அன்றைக்கு வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கும், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். மச்சான் தடுக்கமாட்டார். மச்சான் என்று நான் சொல்வது என் கணவரை. பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து மேல வீதிப் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். "துபாய்ல இருந்தப்போதான் உன்ன ஜாஸ்தி பாத்தேன், வீடியோ கால்ல" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பாசியை ஒரே இடத்தில் வைத்திருக்கமாட்டோம். ஆளுக்கொரு பாட்டில் வீட்டில் இருக்கும். வேலையை விட்டுப் போகிறவர் கையிலும் ஒன்று கொடுத்தனுப்புவோம். ஆய்வுக்கூடத்தில் செத்தாலும் எங்காவது ஓர் இடத்தில் உயிரோடு இருக்கட்டும் என்றுதான். என் பாட்டில் சமையலறை ஜன்னலில் இருந்தது. நினைவு வரும்போதெல்லாம் கையால் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் படிந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாம் அருகம்புல் ஜூஸா என்பார்கள். மச்சானின் தங்கை, இதைக் குடித்தால் சுகர் இறங்குமா என்று தனியாக வந்து கேட்டாள்.

போன கோடையில் பொரித்து வந்த ஒவ்வொரு ஈடு குஞ்சும் கோடு விழாமலே செத்துக்கொண்டிருந்தது. காலையில் தொட்டியின் அடியில் வெள்ளைத் தூசாகக் கிடக்கும். குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பேன். எனக்கு அலுத்துவிட்டது. உடம்பு அலுப்பு தூங்கினால் போகும், இது தூங்கியும் போகவில்லை.

"இந்த ஈடும் போச்சுன்னா விட்டுடுவேன் மச்சான். கீரப்பாளையத்துல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் கேக்குறாங்க."

"விட்டுடேன். யாரு வேணாம்னா" என்றார் அவர்.

அந்த ஈட்டுக் குஞ்சுகள் ஓரளவு தேறி வந்த சமயத்தில், ஒரு ராத்திரி பாசி வைத்திருந்த அறையின் ஏசி நின்றுபோயிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே அனல் அடித்தது. குடுவைகள் எல்லாம் வெளுத்து, அடியில் கஞ்சி மாதிரி படிந்திருந்தன. ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் சார் ஒரு குடுவையை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு, "வீட்ல வச்சிருக்கீங்கல்ல, எடுத்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் ஈஸ்ட் போட்டு ஓட்டுவோம்" என்றார். ஈஸ்ட் போட்டால் நுண்ணுயிருக்கு வயிறு நிறையும், சத்து சேராது. ரொம்ப நேரம் ஒப்பேற்ற முடியாது. மற்றவர்கள் வீட்டுப் பாட்டில்கள் அந்தக் கோடை வெயிலில் முன்பே செத்திருந்தன, மிச்சம் என்னுடையதுதான்.

மத்தியான வெயிலில் வீட்டுக்கு வந்தேன். அடுப்படி பளபளவென்று இருந்தது. சாப்பிட வந்த மச்சான் மேடையைத் துடைத்து, பாத்திரமெல்லாம் தேய்த்து, துண்டு விரித்துக் கவிழ்த்திருந்தார். நடுவில் என் பாட்டிலும் கவிழ்ந்திருந்தது, கண்ணாடியாக.

"நீ அலுத்துப்போயி வந்து அடுப்படியில வேற நிக்கணுமேன்னு எல்லாத்தையும் கழுவிட்டேன். அந்தப் பாட்டிலு அடியில ஒரே வழவழன்னு கெடந்துச்சு, கெட்டுப்போச்சு போலன்னு பிரஷ் போட்டுத் தேச்சேன். நீதான் விட்டுடப் போறேன்னியே."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அடுப்படியைத் துடைத்து நான் பார்த்ததில்லை. முகத்தில் அவ்வளவு பெருமை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி முதல் பஸ் இல்லை, துணி அலசல் இல்லை. நானாக விடவில்லை, தானாகப் போய்விட்டது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று சாரிடம் சொல்ல வேண்டுமே, அதற்காக ஒரே ஒரு போன் செய்தேன். என்னோடு வேலை பார்த்தவள், கடலூர் முதுநகர்க்காரி. முன்பே விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். போகும்போது நான்தான் பாட்டில் கொடுத்தேன். இத்தனை நாள் யார் வைத்திருப்பார்கள்?

"இருக்குக்கா. வாங்க" என்றாள்.

இன்னும் ஏன் வைத்திருக்கிறாள் என்று குடிகாடு தாண்டும்வரை பஸ்ஸில் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் வீட்டு ஜன்னலில், மாதா படத்துக்குப் பக்கத்தில் பாட்டில் இருந்தது. என்னுடையது ஒருநாளும் அவ்வளவு பச்சையாக இருந்ததில்லை. வீட்டில் தொட்டி கிடையாது, ஒரு மீன் கிடையாது.

"எதுக்குடி இத வச்சிருக்க?"

"தெரியலக்கா. ரெண்டு மூணு தடவ ஊத்திடலாம்னு சிங்க் வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். இப்ப ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறேன், மத்தியானம் தூங்குறேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா காலையில எழுந்தா கை தானா போயி இதக் குலுக்குது. ஊத்த மட்டும் மனசு வரல."

தப்பித்துவிட்டாள் என்று நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது இவளைப் பார்த்துத்தான். அவள் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். "அருகம்புல் ஜூஸாம்மா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்தன. மீதி கிடந்து இழுத்துக்கொண்டிருந்தன. பிறகு ஒரு காலையில் தொட்டியின் மூலையில் ஒன்று திரும்பியது. தலைக்குப் பின்னால் கோடு. பக்கத்தில் இன்னொன்றுக்கும். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து சார் டீ வாங்கிவரச் சொன்னார். சந்தோஷமும் இருந்தது. ஆனால் அழுதது அதற்காக இல்லை. கீரப்பாளையத்துக்கு என்ன, எங்கே போனாலும் இது என்னை விடாது என்று தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் ஜன்னலில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. நான் இன்னும் அலுப்போடுதான் எழுந்திருக்கிறேன். மச்சான் ஒரு கையால் பல் தேய்த்துக்கொண்டு மறுகையால் பாட்டிலைக் குலுக்குகிறார். வாயில் நுரையோடு, "பஸ்ஸு போயிடும், கெளம்பு" என்கிறார்.