ஒரு விமானம் போகிற நேரம்

முப்பத்தொரு வருஷம் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அதிகம் வந்தது 'சமன்பாடு' அல்ல, 'முட்டி போடு'தான். ரிட்டையர் ஆன மறு வருஷமே என் வலது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. ஆண்டவர் கணக்கில் என்னைவிடக் கெட்டி.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் சபையில் திருவிருந்து அப்பம் வாங்க, பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கம்பி ஓரம் வரிசையாக முழங்கால்படியிட வேண்டும். முடியாதவர்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். போதகர் அங்கேயே கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் பெஞ்சுக்கு 'வெயிட்டிங் ரூம்' என்று பேர் வைத்ததே நான்தான். எதற்கு வெயிட்டிங் என்று விளக்க வேண்டியதில்லை. அதில் போய் நானே உட்காருவதா? செத்தாலும் மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"செத்தா பெஞ்சுல எதுக்கு உட்காரணும்? முன்னாடி படுக்கவே வெப்பாங்க" என்றார் அந்த மனுஷர்.

ஒரு மாதம் காலை அசைக்காமல் வைத்துப் பார்த்தேன். தைலம், வெந்நீர் ஒத்தடம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய முடக்கத்தான் தோசை. தோசை நன்றாக இருந்தது. முட்டிதான் துருப்பிடித்த கீல் மாதிரி இன்னும் இறுகிப்போனது. கடைசியில் பொழிச்சலூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். முட்டி வைத்தியம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. வாழ்க!

மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், பிசியோதெரபிஸ்ட் எழுந்து, "குட் மார்னிங் மிஸ்" என்றான். பழைய மாணவன். மரியாதையாக 'என்றார்' என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. மீசைக்குப் பின்னால் எந்த முகம் என்று எனக்குப் பிடிபடவும் இல்லை.

முட்டிச் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினான். உயிர் போய் வந்தது.

"நரம்பு இழுத்துக்கிச்சாப்பா?"

"நரம்பு இல்ல மிஸ், தசைநார். தொடைச் சதை டைட்டா இருக்கு, அது இந்த நாரைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. சும்மா வெச்சிருந்தா இன்னும் வீக் ஆயிடும். மெதுவா வேலை குடுக்கணும்."

வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இதற்கு ஒரு படிப்பா என்று தொப்பென்று உட்கார்ந்தேன்.

"அப்படி இல்ல மிஸ். பிளேன் சத்தம் வருதுல்ல? அது ஆரம்பிக்கும்போது இறங்க ஆரம்பிங்க, அடங்கும்போது நாற்காலியத் தொடுங்க. மூச்ச அடக்காதீங்க. மனசு முட்டியிலயே இருக்கட்டும்."

ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கும்போது பொழிச்சலூரில் விமானத்துக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை உட்கார்ந்தேன். பாதி வழியில் தொடை நடுங்கியது. என் மனசோ முட்டியை விட்டுவிட்டு, காலையில் கேஸை அணைத்தோமா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ், கவனம் எங்க?" என்றான்.

அட, அது என் வசனம்! முப்பத்தொரு வருஷம் நான் விற்ற சரக்கை எனக்கே விற்கிறான். ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லையும் கடிக்கக் கூடாதாம். தாடை இறுகினால் தோள் இறுகுமாம், தோள் இறுகினால் இடுப்பாம். கவனித்துப் பார்த்தால் பீன்ஸ் நறுக்கும்போதுகூடத் தொடையை விறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பீன்ஸ் என்ன ஓடியா போகப்போகிறது? தளர்த்தினேன். மூன்று வாரத்தில் மாடிப்படி கொஞ்சம் சிறியதாகிவிட்டது.

நாலாம் வாரம் தரையில் ஒரு தலையணையைப் போட்டான். "இன்னிக்கு முட்டி போடுங்க மிஸ்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் உன்ன முட்டி போட வெச்சிருக்கேனாப்பா?"

"எட்டாங் கிளாஸ்ல. ஒரு பீரியட் ஃபுல்லா, வராண்டாவுல."

"எதுக்கு?"

"ஜன்னல் வழியா பிளேன் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வருகைப் பதிவு வாசிப்பதுபோலச் சொன்னான். எனக்கோ சுத்தமாக ஞாபகம் இல்லை. எத்தனை பேரை அப்படி வைத்தேன், யாராரை? வெட்கமாக இருந்தது. வகுப்பில் ஒரு நாளும் திக்காத வாய், மன்னிப்பு என்ற சொல்லைத் தேடித் தடவியது.

"தலையணை குடுத்தேனா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

"இல்ல மிஸ்" என்றான். பிறகு, "மெதுவா இறங்குங்க, பிளேன் வருது" என்றான்.

அடுத்த ஞாயிறு. வெயிட்டிங் ரூமைத் தலை நிமிர்ந்து கடந்து மரக் கம்பிக்குப் போனேன். கோயில் கூரைக்கு மேல் இரைச்சல் கேட்டது. அதோடு சேர்ந்து அவசரப்படாமல் இறங்கினேன். முட்டி பேசாமல் தரையைத் தொட்டது. கண்ணீரே வந்துவிட்டது. நன்றி சொல்ல நாலு வரி ஜெபம் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். தொடங்கும் முன் பக்கத்து ஜன்னலில் அது தெரிந்தது. சக்கரத்தை நீட்டிக்கொண்டு, வயிறு வெயிலில் மின்ன, தாழத் தாழ இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் என் வகுப்பைக் கெடுத்த சத்தம். ஒரு தடவைகூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையை இடித்தார். போதகர் அப்பத்தை நீட்டியபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.