மழைக்கோட்டுக்கு ஆள் தேடியது

என் மகன் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு சாப்ட்வேர் எழுதிவிட்டு, விற்பதற்கு முன் அதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறான். கொடுத்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்களாம். அவன் அப்பா எழுபதுகளில், நாங்கள் இருந்த மலையூரான சக்குபள்ளத்தில் இதே பாட்டைப் பட்டவர்தான்.

அவர் தையல்காரர். நான் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவேன். மழையில்தான் வேலையே இருக்கும். பெண்கள் எல்லோரும் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக் கயிற்றால் கட்டிக்கொண்டு போவோம். அதைப் பார்த்துப் பார்த்து, தொப்பியும் கையும் வைத்து ஒரு மழைக்கோட்டு தைத்தார். உடும்பஞ்சோலைக் கடைக்காரர் ஒருவர், "நாலு பேரு மழையில போட்டுப் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் கடையில தொங்கவிடுறேன்" என்றார். விற்றால், கிழிசல் தைத்தே காலம் தள்ள வேண்டாம். ஒழுகினால் ஊரே சிரிக்கும். பிறகு ஒரு சட்டைத்துணி கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

நாலு கோட்டு தைத்து, தோட்டத்துப் பெண்கள் நாலு பேருக்குச் சும்மா கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

"ஏங்க, நானுந்தான தோட்டத்துக்குப் போறேன்?"

"நீ சாமி பிரசாதத்துலயே உப்புப் பாக்குற ஆளு. மொதல்ல நாலு நல்ல வார்த்த கேட்டுக்கிறேனே!"

சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

நாலு பேரும் அருமை என்றார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்குத்தான் சந்தேகம். தோட்டத்தில் ஒருத்தி மேலும் அந்தக் கோட்டை நான் பார்க்கவில்லையே! பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"புதுசப் போட்டுட்டு யாராச்சும் சேத்துல ஒக்காருவாங்களா தங்கச்சி? ஞாயித்துக்கெழம பூசைக்குப் போட்டுப் போனேன். எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. பெட்டியில மடிச்சு வச்சிட்டேன்."

மற்ற மூவரிடமும் அதே கதை. ஒருத்தி, மழையே எட்டிப் பார்க்காத, மலைக்குக் கீழே கம்பம் ஊரில் நடக்கப்போகும் கல்யாணத்துக்குப் போடவென்று வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் தைத்ததை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அக்காவின் கோட்டை வாங்கி மறுநாள் நானே போட்டுக்கொண்டு போனேன். நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஏலக்காயை நின்றுகொண்டா எடுக்க முடியும்? தரையில் கிடக்கும் காய்ச் சரத்துக்காகக் குந்தி உட்கார்ந்ததும் தோள் தையல் இழுத்து, ஊசி போன ஓட்டையெல்லாம் வாயைத் திறந்தது. முதுகெல்லாம் தண்ணீர். அவரைக் கேட்க வேண்டிய கேள்விகளைச் சாயங்காலம் வரை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். மிஷினில் இருந்தவர் என் மேல் கோட்டைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக என் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் அடுக்கியதில் ஒன்றைக்கூடக் கேட்க மனசு வரவில்லை. அவர்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"நல்லாருக்குங்க," என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வாங்கி, மிஷின் மேல் விரித்து, கத்திரியை எடுத்தார்.

"என்னங்க இது? நல்லாருக்குன்னுதான சொன்னேன்?"

"நீயே எரக்கப்பட்டு நல்லாருக்குன்னு சொல்ற அளவுக்கா ஒழுகுது?"