ரோல் மாமா அக்காவை எடுத்த படம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் குடும்பத்தில் ரோல் மாமா என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். அதில் பெருமை வேறு. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தள்ளுவது அவருடைய உத்தியோகம். ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், "நான் பிலிம்ல எடுக்கறவன்" என்பார். அடேங்கப்பா, அந்த 'பிலிம்'முக்கு அவர் கொடுக்கும் அழுத்தம் இருக்கிறதே!

ஏதோ பிறந்ததிலிருந்து பிலிமோடு புரண்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன்புவரை ஊரில் எல்லோரையும் போல டிஜிட்டல் கேமராதான் வைத்திருந்தார். அலுவலகத்தில் எவனோ தன் பழைய பிலிம் கேமராவை இவர் தலையில் கட்டினான். அன்றைக்குப் பிடித்தது சனி. கெட்டுப்போகாமலிருக்க பிரிட்ஜில் காய்கறித் தட்டு முழுக்க பிலிம் ரோல், தக்காளி வெளியே கிடந்து அழுகும். கழுவிய பிலிமைக் குளியலறையில் தொங்கவிட்டால், அது காயும்வரை யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. தண்ணீர் தெறித்துவிடுமாம். அக்கா சோப்பும் துண்டுமாகக் கதவுக்கு வெளியே நிற்பாள்.

இவ்வளவு கூத்துக்கும் எடுப்பது என்ன? துருப்பிடித்த கேட். கால் உடைந்த நாற்காலி. சுவரில் விழும் நிழல். இவற்றையெல்லாம் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பெண்டாட்டியை ஒரு படம் எடுத்ததில்லை.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கேயே பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்துக் கொடுக்கிறேன், டிஜிட்டலில். அதனால் மாமா எனக்கு வைத்த பேர் 'பொத்தான்'. "என்ன பொத்தான், இன்னிக்கு எத்தனை தலையை அமுக்கினே?" என்று கேட்டுவிட்டு, யாரும் சிரிப்பதற்குள் அவரே சிரித்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவின் தாடையில் கட்டி வந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும், முகம் ஒரு பக்கம் ஒடுங்கிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. "அதுக்கு முன்னாடி இந்த முகத்துல ஒரு நல்ல படம் வேணும்டி," என்றாள். கல்யாண ஆல்பத்தில் இருப்பது வேறு யாரோ ஒரு சின்னப் பெண். அதை விட்டால் அடையாள அட்டைப் படம், அதில் பிடிபட்ட திருடி மாதிரி முழிக்கிறாள். நான் எப்போது போனை நீட்டினாலும், "அவருக்குப் பிடிக்காதுடி" என்று கையால் மறைத்துக்கொள்வாள்.

"கடைக்கு வாக்கா. பிடிக்கலன்னா பிடிக்கிற வரைக்கும் எடுத்துத் தள்ளலாம்," என்றேன்.

பக்கத்து அறையிலிருந்து மாமா வந்தார். "இது என்ன விண்ணப்பத்துல ஒட்டற படமா? நான் எடுக்கறேன். பிலிம்ல."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "கோச்சுக்காதடி. இத்தனை வருஷத்துல இப்பதான் என்னை எடுக்கணும்னு அவருக்குத் தோணியிருக்கு," என்றாள். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் ஆசையில் மண்ணை அள்ளிப் போட நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தார். என் கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவள் முகத்தில் வெளிச்சம் பட நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போனை அணைத்து வைக்கச் சொன்னார். தலையைத் தூக்கு, திரும்பு, அசையாதே என்று ஒரு மணி நேரம் அவளைப் படுத்திவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் எனக்கு உபதேசம். "பாத்தியா பொத்தான், யோசிச்சு யோசிச்சு எடுக்கணும். உன்னை மாதிரி சடசடன்னு இல்ல."

ரோல் முடிந்ததும், "இப்பவே கழுவுங்க மாமா. சரியா வரலன்னா இன்னொரு ரோல் எடுக்கலாம். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கே," என்றேன்.

"சரியா வரலன்னாவா?" என்று என்னைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "காத்திருக்கத் தெரியாதவங்களுக்குத்தான் டிஜிட்டல். அவ நல்லபடியா வீட்டுக்கு வரட்டும். கழுவி அவ கையில கொடுக்கறேன்."

ஆபரேஷன் முடிந்து, பாதி முகம் கட்டோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். மாமா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவர் கையில் நீளமாக ஈரப் பிலிம் தொங்கியது. அதன் வழியே கண்ணாடிபோல் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. ஒரு படம்கூட விழவில்லை.

ரோலின் நுனியை உள்ளே மாட்டும்போது அது நழுவியிருக்கிறது, பிலிம் ஓடவே இல்லை. கேமராவின் மேலே ஒரு குமிழ் உண்டு. பிலிம் ஓடினால் அது சுற்றும், ஓடாவிட்டால் அசையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பாடம் நடத்துவதே இவர்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் குமிழைப் பார்க்கணும் என்பார். எனக்கு உபதேசம் செய்த மும்முரத்தில் அந்த மகானுபாவர் அதைப் பார்க்கவே இல்லை.

"பிலிம்னா இப்படியும் ஆகும். பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஆகியிருக்கு," என்றார். மன்னிப்பா? மூச்! எனக்கு அந்தக் கேமராவைப் பிடுங்கித் தெருவில் வீசலாம் போல் இருந்தது.

அக்காவுக்குப் பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "படம் போனா போகட்டுங்க. ஒரு மணி நேரம் என்னையேதானே பாத்தீங்க? நான் எப்படி இருந்தேன், சொல்லுங்க."

மாமா பிலிமைச் சுருட்டினார், மறுபடி பிரித்தார்.

"வெளிச்சம்," என்றார். "வெளிச்சம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அக்கா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி," என்றாள்.

நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "மூக்கு நுனி வேர்த்திருந்துச்சு. சிரிப்பு வந்தப்பல்லாம் கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டே. அசையாதேன்னு அவர் சொன்னா மூச்சையே பிடிச்சுக்கிட்டே. அவ்வளவு அழகா இருந்தேக்கா. கேமராவைப் பாக்கச் சொன்னாரு. நீ அவரையேதான் பாத்துக்கிட்டிருந்தே."